வலையில் செய்த ஆமை

துணியை இன்னும் எடுக்கவில்லை. வெள்ளைத் துணி. நாலைந்து படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து மேலே போட்டிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆமை. பள்ளிக்கூடத்தில் ஆமை செய்கிறார்களாம், வள்ளம் தண்டிக்குப் பெரிய ஆமையாம், நம்ம கரையில் கிடந்த குப்பையை வைத்தே செய்கிறார்களாம் என்று ஊரெல்லாம் இதே பேச்சு. தெரிந்த பொருளை எதற்கு மூடி வைக்க வேண்டும். வெள்ளைத் துணிக்குக் கீழே எது இருந்தாலும் என்னால் பார்க்க முடிவதில்லை, பார்க்காமல் இருக்கவும் முடிவதில்லை. காற்று அடிக்கும்போது துணி ஒட்டிக்கொண்டு உருண்டையாக ஒரு முதுகு தெரிகிறது, பிறகு உப்பி மறைந்துவிடுகிறது. மூச்சு விடுகிற மாதிரி. இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. மைக்கில் யாரோ தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். பந்தல் துணி வழியாக வெயில் சிவப்பாக இறங்குகிறது, எல்லார் முகமும் காய்ச்சல்காரர் முகம் போல இருக்கிறது. பெர்பெத்து அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள்தான் என்னை இழுத்து வந்தாள். "ஏ பிலோமி, ஒம் மவ மேடைக்குப் பக்கத்துல நிக்கப் போறா, தாய்க்காரி மூஞ்சி கூட்டத்துல இல்லன்னா பிள்ளைக்கு எப்படி இருக்கும், எந்திச்சு சேலயக் கட்டு" என்று வாசலிலேயே நின்றாள். அவள் சொன்னால் என்னால் தட்ட முடியாது. அன்றைக்கு என் மகன் காலிலிருந்து வலையை அறுத்து எடுத்தவள் அவள்தான்.

நிக்சன். பெயரை மனசுக்குள் சொன்னாலும் நாக்கு லேசாக அசைகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்க்கிறேன். முன் வரிசைப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பார்வையை மேடைப் பக்கம் கொண்டுபோகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வந்து ஒரு வருசம் ஆகப் போகிறது. அவன் படித்த பள்ளிக்கூடம். அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் பந்து விழுந்தது என்று யூனிபாரத்தோடு குதித்துவிட்டான் என்று சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் ஓடி வந்து பார்த்தால் சொட்டச் சொட்ட நிற்கிறான், பந்தை மட்டும் விடவில்லை. "எல்லாரும் குடிக்கிற தண்ணி, அதுல குதிக்கலாமா?" என்று சிஸ்டர் கேட்க, "நான் காலைலயே குளிச்சிட்டேன் சிஸ்டர்" என்றான். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் எல்லார் முன்னாலும் முதுகில் ஒன்று போட்டேன். ஈரச் சட்டையில் அடி சத்தமாக விழுந்தது. தண்ணீரைக் கண்டால் அவனால் நிற்க முடியாது. அதற்காக யாரைப் போய்த் திட்ட. கடற்கரையில் பிறந்த பிள்ளை தண்ணீரைக் கண்டு பயப்படவா செய்யும். ஆனால் பயந்திருக்கலாம். கொஞ்சம் பயந்திருந்தால். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது.

ஜெரினா தெரிகிறாள். எட்டாங்கிளாஸ் பிள்ளைகளோடு வரிசையில், மைக் கம்பிக்குப் பக்கத்தில். இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், ஒரு சடை மேலே ஒரு சடை கீழே. அவளே பின்னிக்கொள்கிறாள். கடைசியாக நான் எப்போது அவளுக்குத் தலை பின்னிவிட்டேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அவள் என்னைத் தேடுகிறாளா என்று பார்க்கிறேன். தேடவில்லை. மூடின துணியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொஞ்ச காலமாக எனக்கு அவள் மேல் எரிச்சல். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவாள், பொழுது சாய்ந்துதான் வருவாள், உடம்பெல்லாம் அழுகின பாசி நாற்றம். மற்றப் பிள்ளைகள் ஒரு நாள் இரண்டு நாள் போனதோடு சரி. இவள் விடவில்லை. "அண்ணன் போயி வருசம் திரும்பல, ஒனக்குக் குப்ப பொறுக்கிப் பரிசு வாங்கணும் என்னட்டி? ஒனக்கு எப்படி மனசு வருது?" என்று ஒரு நாள் கத்தினேன். சாக்கைக் கீழே வைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மௌனம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் அப்பா மாதிரி. அந்த மனுசனும் இப்படித்தான். இன்றைக்குக் கூப்பிட்டேன். "நீ போ. எனக்குக் கடல்ல சோலி கிடக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடலில் என்ன சோலி, காற்று சரியில்லை என்று ஒருத்தரும் வள்ளத்தை இறக்கவில்லை.

கைதட்டுகிறார்கள். வனத்துறை ஆபீசர் என்று ஒருத்தர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். துணி எங்கேயோ மாட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதைச் செய்த பையன், சென்னையிலிருந்து வந்தவன், நிலவன் என்று பேர் சொன்னார்கள், ஏணியில் ஏறி விடுவித்துவிடுகிறான். துணி சரிந்து விழுகிறது. உண்மையைச் சொன்னால் அழகாக இருக்கிறது. நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஏதோ குப்பைக் குவியல் என்றுதான் நினைத்து வந்தேன். முன் துடுப்பு ஒன்று மேலே தூக்கியிருக்கிறது, இப்போதுதான் கரையை விட்டுத் தண்ணீருக்குள் இறங்கப் போகிற மாதிரி. கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. முதுகு ஓடு முழுக்கத் தேய்ந்த ரப்பர் செருப்புகள், மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கறுப்பும் பழுப்பும் சிவப்புமாக. கண் இரண்டும் கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம், வெயில் பட்டு ஈரமாக இருக்கிற மாதிரியே தெரிகிறது. உடம்பு, கால், கழுத்து எல்லாம் இரும்புக் கம்பி மேல் சுற்றிச் சுற்றி, சதை மாதிரி தடிமனாக, வலை. பச்சை வலை, நீல வலை, வெளிறிப்போய் நிறமே தெரியாத வலை. பெர்பெத்து அக்கா, "யம்மா, உசுரோட இருக்க மாதிரியே இருக்குல்லா" என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். எனக்குள் ஏதோ ஒன்று ஓரமாக இடித்துக்கொண்டு நிற்கிறது, என்னவென்று பிடிபடவில்லை.

அந்தப் பையன் மைக்கைப் பிடிக்கிறான். தாடி வைத்திருக்கிறான், விரலெல்லாம் துரு. நல்ல பையன் மாதிரித்தான் இருக்கிறது. "இந்த ஆமையோட உடம்புல இருக்கிற வலை எல்லாமே உங்க கரையில கிடந்ததுதான். கடல்ல அறுந்து போன வலை சும்மா கிடக்காதுங்க. பாறையில மாட்டிக்கிட்டு, ஆளே இல்லாம பிடிச்சிக்கிட்டே இருக்கும். மீன், ஆமை, எது வந்தாலும். யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கொன்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் இதுக்குப் பேய்வலைன்னு பேரு" என்கிறான். சின்னப் பிள்ளைகள் "ஊ" என்று சத்தம் போடுகிறார்கள். பெர்பெத்து அக்காவின் விசிறல் நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை, நானும் அவள் பக்கம் திரும்பவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது. நிக்சன் காலிலிருந்து அறுத்த வலை எங்கே போனது. மணலில்தான் போட்டார்கள். யாரோ காலால் ஓரமாகத் தள்ளினார்கள். பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை, யாரும் அதைக் கேட்கவில்லை, நானும்தான். ஒரு பொருள் மணலில் கிடந்தால் அங்கேதான் கிடக்கும், அலை இழுக்கும், திரும்பக் கொண்டுவந்து போடும். பிள்ளைகள் சாக்கோடு போய்ப் பொறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் அது இங்கேதான் இருக்கிறது. கழுத்திலா, வயிற்றிலா, தூக்கின துடுப்பிலா. இதை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா. சிஸ்டருக்கு எல்லாம் தெரியும், அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். ஆனால் பந்தல், மைக், ஆபீசர், பிள்ளைகள் பாட்டு என்று ஓடும்போது இது எப்படித் தோன்றும். எனக்கே இந்த நிமிசம் வரை தோன்றவில்லையே. பெற்றவளுக்கே தோன்றவில்லை.

பச்சையா, நீலமா. அதுதான் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்க்கிறேன். நிக்சன் பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தான். என் தம்பி சேவியரின் வள்ளம் சங்கு குளிக்கப் போகும், அதில் போகிறேன் என்று இரண்டு நாளாகப் பின்னாலேயே சுற்றினான். "மாமா கூடத்தானம்மா போறேன், அவர் என்ன பாக்காமலா இருப்பாரு." சேவியரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முங்கினவன் வரவில்லை என்று தெரிந்ததும் அவனும் குதித்துவிட்டான். கடலுக்கடியில் கிடக்கிற பாறையை நாங்கள் பார் என்போம், அந்தப் பாரில் எப்போதோ அறுந்த வலை ஒன்று விரிந்து கிடந்திருக்கிறது, கால் அதற்குள் போய்விட்டது. கீழேயே பாதியை அறுத்து, மீதி காலோடு இருக்க மேலே கொண்டு வந்தார்கள். கரையில் போட்டபோது நான் அவன் உள்ளங்காலைத்தான் பார்த்தேன். வெளுத்து, சுருங்கி. சின்ன வயசில் ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்து, "பாரும்மா, கெழவன் கால்" என்று காட்டுவான், அதே மாதிரி. பெர்பெத்து அக்கா மீன் அறுக்கிற கத்தியால், அவன் தோலில் படாமல், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வலித்துவிடுமோ என்கிற மாதிரி, மெதுவாக ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள். கத்தி தெரிகிறது. அவள் விரல் தெரிகிறது. வலை மட்டும் நிறமில்லாமல் இருக்கிறது. பச்சை என்று நினைத்தால் பச்சையாகிவிடுகிறது. நீலம் என்றால் நீலமாகிவிடுகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஜெரினா அப்பா, தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "போன ஆடிக் காத்துல நம்ம வல ஒண்ணு அறுத்துட்டுப் போச்சுல்லா. அந்தப் பார் பக்கந்தான்" என்றார். அவ்வளவுதான். தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆடிக் காற்றில் யாருக்குத்தான் வலை அறுந்து போகவில்லை, இந்த ஊரில் வலை இழக்காத ஆள் யார், பக்கத்து ஊர் வள்ளங்களும் அங்கேதான் வலை விரிக்கின்றன. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நம்முடையதாக இருந்தால். எனக்கு எல்லாம் இடது கை. வலை கிழிந்தால் இடது கையால்தான் முடிச்சுப் போட்டுப் பொத்துவேன், அதனால் என் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். மாமியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார். "கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாலே நீ பொத்துனது தெரியும்" என்று கல்யாணமான புதுசில் இவர் சொல்வார், பெருமையாக. போன வருசத்திலிருந்து நான் வலையைத் தொடுவதில்லை, அவரும் என்னிடம் கொண்டுவருவதில்லை, வேறு யாரிடமோ கொடுத்துப் பொத்திக்கொள்கிறார். அந்த வலை நம்முடையது என்றால், கிழிசல் வழியாகத் தப்ப விடாமல் அவன் காலைப் பிடித்து நிறுத்தியது நான் போட்ட முடிச்சாகவும் இருக்கலாம். வெயில் ஏறுகிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டும் போல இருக்கிறது. எழுந்து போய்விடலாமா. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

"ஏட்டி, ஒம் மவ பேரக் கூப்பிடுதாவ" என்று பெர்பெத்து அக்கா என் தொடையில் கிள்ளுகிறாள். விண்ணரசி டீச்சர் மைக்கில் நிற்கிறார். "எல்லாரும் சேகரிச்சாங்க. ஆனா ஒருத்தி மட்டும் மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் விடல. பள்ளியிலயே அதிகமான வலைகளைச் சேகரிச்சுக் கொண்டு வந்த மாணவி, எட்டாம் வகுப்பு, ஜெரினா." கைதட்டல். ஜெரினா மேடை ஏறுகிறாள். ஆபீசர் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிறார், போட்டோ எடுக்கிறவர் "சிரி பாப்பா" என்கிறார், அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். என் கை தட்டுவதற்கு எழவில்லை. மடியில் கிடக்கிறது. இவள்தான் அதிகமாகக் கொண்டு வந்தவள் என்றால் அந்த வலையைக் கொண்டு வந்தவளும் இவளாகத்தான் இருக்கும். அண்ணனைப் பிடித்த வலையைச் சாக்கில் போட்டு, முதுகில் சுமந்துகொண்டு, என் வீட்டு வாசல் வழியாக, நான் கத்திக்கொண்டிருக்க. தெரியாமல்தானே. பிள்ளைக்கு என்ன தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். தெரியாது, தெரியாது. தேசியகீதம் பாடுகிறார்கள், எல்லாரும் எழுகிறார்கள், நானும் எழுந்து நிற்கிறேன்.

கூட்டம் கலைந்து ஒரு பக்கம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் ஒரு பக்கம் ஆமையோடு போட்டோ எடுக்கவும் போகிறது. சின்னப் பிள்ளைகள் துடுப்பைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஒரு குட்டிப் பெண் கம்பிச் சந்தில் காலை வைத்து ஏறப் பார்க்கிறாள், "ஏய், கால எடு, கால எடு" என்று கத்திவிட்டேன். அவள் பயந்து இறங்கி ஓடுகிறாள், அவள் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள், பிறகு யாரென்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாள். "எங்கட்டி போற?" என்று பெர்பெத்து அக்கா கேட்கிறாள். "சும்மா. கிட்டப் போய்ப் பாத்துட்டு வாரேன்." அவள் என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஆமையின் வயிற்றுக்கடியில் நிழல் இருக்கிறது, குனிந்து உள்ளே போனால் ஒருத்தி நிற்கலாம். காய்ந்த பாசி வாசம், உப்பு வாசம். இடது கைப் பெருவிரலை வலை மேல் வைக்கிறேன். ஒரு வருசமாகத் தொடாத விரல். ஆனால் விரல் மறக்கவில்லை. இது வலக்கை முடிச்சு. இதுவும். இது மிசின் முடிச்சு. இதுவும் மிசின்தான். இது யாரோ அவசரத்தில் போட்டது, வலக்கைதான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறேன். இல்லை என்று வர வேண்டும். இல்லை, அது கிடைக்க வேண்டும், கிடைத்துவிட்டால் இந்த அல்லாட்டம் தீர்ந்துபோகும். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வலையில் ஒட்டின சிப்பி ஒன்று விரலைக் கீறுகிறது. எவ்வளவு வலை. பத்துப் பேர் உட்கார்ந்து தடவினாலும் முடியாது.

"பிடிச்சிருக்காம்மா?" என்று குரல் கேட்கிறது. அந்தப் பையன் குனிந்து பார்க்கிறான். நான் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு தம்பி" என்கிறேன். "இந்த வயித்துப் பக்கம் எல்லாம் எங்க எடுத்தது?" அவன் சந்தோசமாகிவிட்டான். "அதுவா, இது பூரா பரிசு வாங்குச்சே ஒரு பொண்ணு, ஜெரினா, அது கொண்டு வந்ததுதாம்மா. ஆச்சரியமான பொண்ணு. மத்த பசங்க சாக்கைக் கொட்டிட்டு ஓடிடுவாங்க. அது கீழ விரிச்சு வச்சு, ஒவ்வொரு முடிச்சா விரலால தடவிப் பாக்கும். மத்தவங்க கொண்டு வந்ததையும் விடாது. பாத்து முடிச்சாத்தான் என்கிட்ட குடுக்கும். என்னம்மா தேடுறன்னு கேட்டேன். ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான்னுச்சு." அவனை யாரோ கூப்பிட, "இருங்கம்மா, வந்துடறேன்" என்று போய்விட்டான். அவனுக்கு நான் யார் என்று தெரியாது. நான் அந்த நிழலில் நிற்கிறேன். ஒவ்வொரு முடிச்சா. விரலால தடவி. வார்த்தைகள் காதில் விழுந்துவிட்டன, உள்ளே போக இடம் கிடைக்காமல் நிற்கின்றன. அப்போதுதான் பார்க்கிறேன், வால் பக்கத்தில், கையில் பொட்டலத்தோடும் பாட்டிலோடும் ஜெரினா நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை, வலை மேல் இருந்த என் பெருவிரலைப் பார்க்கிறாள்.

"எம்மா, தேடாதம்மா" என்றாள். "நான் பாத்துட்டேன்." "என்னத்தப் பாத்த?" "ஒன் முடிச்சு. ஒண்ணுலயும் இல்ல." "அப்பா சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா?" என்றேன். "நான் அடுப்படிக்குள்ளதான் இருந்தேன்" என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வலை பொறுக்கச் சொன்னதும் அவளுக்கு முதலில் தோன்றியது இதுதானாம். யாராவது எடுத்துக் கொடுத்து, அது ஆமையில் ஏறி, ஒரு நாள் நான் வந்து தொட்டுப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று. இருந்தால் எடுத்து எரித்துவிட வேண்டும் என்று. "அது எந்த வலன்னு தெரிஞ்சுதா?" "இல்லம்மா. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு. அது பச்சதானம்மா?" என்று என்னையே கேட்டாள். "எனக்குத் தெரியலட்டி." "எனக்கும் தெரியல. நான் அண்ணன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்." அன்றைக்கு அவளும் அங்கே நின்றாள் என்பதையே நான் இப்போதுதான் நினைக்கிறேன். அத்தனை பேர் நின்ற கூட்டத்தில், யாருடைய இடுப்புக்குப் பக்கத்திலோ, யாரும் பிடித்துக்கொள்ளாமல். அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொன்னால் அவளுக்குக் கண் கீழே போகும். இப்போது போகவில்லை. உண்மையாகத்தான் இருக்கும். இல்லை, இந்த ஒரு வருசத்தில் எனக்காகப் பொய் சொல்லவும் பழகிவிட்டாளா. இருக்கட்டும். இனி நான் கேட்க மாட்டேன். "அப்பாட்ட சொல்லட்டாம்மா, நம்ம வல இல்லன்னு?" என்றாள். "வேண்டாம். நான் சொல்லுதேன்" என்றேன். கரையில், வள்ளத்தை இறக்காமல், வெறுமனே உட்கார்ந்திருப்பார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அங்கேயே, ஆமையின் நிழலில், சிமெண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தோம். அவள் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். "கையால அவுக்க வேண்டியதுதான" என்றேன். அவள் கடித்துக்கொண்டேயிருந்தாள். நான் கையைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை முழுக்கச் சிப்பி கிழித்த கோடுகள். ஆறினது, ஆறாதது, ஆறின இடத்திலேயே திரும்பவும் கிழிந்தது. இரண்டு கையும் அப்படித்தான். கொஞ்ச நாளாகச் சோற்றுக்கு ஸ்பூன் கேட்டாள், பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்த்து மினுக்குகிறாள் என்று நினைத்தேன், மீன் குழம்பைக் கையால் பிசைந்து தின்னத் தெரியாதா என்று ஏசினேன். குழம்புக் காரம் எப்படி எரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். எலுமிச்சம்பழச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் துவையல். துவையலை ஒதுக்கிவிட்டுச் சோற்றை உருட்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் போட்டோவுக்காகத் துடுப்புக்குக் கீழே வந்து நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாரும் பாக்காங்கம்மா." "பாக்கட்டும். வாயத் தொற." திறந்தாள். மென்றாள். மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணீர் இறங்கி மோவாய்க்கு வந்தது, சத்தமே இல்லை. இரண்டு மூன்று பருக்கை அவள் யூனிபாரத்தில் விழுந்தது, அவள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த உருண்டையைக் கொண்டுபோனதும் வாயை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தாள். "இவ்வளவு பெரிசா வைக்காதம்மா" என்றாள். "விக்கும்." சின்னதாக உருட்டினேன்.